இன்னும் தெரியவில்லை

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. முழுசாகத் தெரியாத எதற்கும் பெயர் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. ஒரே அறையில் எதிரெதிர் மேஜையில் பல வருஷம் உட்கார்ந்து, அவர் டப்பாவின் புளிச்சோற்றையும் என் டப்பாவின் உருளைக்கிழங்கையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டவள் நான். அப்படியும் அவரை முழுசாகத் தெரியும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அதனால் அவர் சட்டப்படியே நடந்துகொள்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் வேலை பார்த்த கல்லூரியில் அவர் தாவரவியல், நான் ஆங்கிலம். இடம் போதாமல் இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே அறை. அதில் முக்கால்வாசியை அவருடைய காய்ந்த செடிகள் பிடித்துக்கொண்டன. பழைய செய்தித்தாளுக்கு நடுவே செடிகளை வைத்து, மேலே கருங்கல்லைத் தூக்கி வைத்திருப்பார். என் இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசம் வரும். ஆரம்பத்தில் சண்டை போட்டேன். பிறகு எனக்கே பழகிவிட்டது.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இன்னா இங்கிலீஷு, சாப்ட்டாச்சா?" என்பார். கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிற குடும்பம் அவருடையது. எங்களில் பலர் கல்லூரி கேட்டைத் தாண்டியதும் நாக்கை அலம்பிக்கொண்டு புத்தகத் தமிழ் பேசுவோம். அவர் மட்டும் வீட்டில் பேசுவதையே வகுப்பிலும் பேசுவார். வேதியியல் ஆசிரியர் ஒருமுறை நயமாகச் சொல்லிப் பார்த்தார்.

"மேடம், 'என்ன'ன்னு சொல்லப்படாதா? பசங்க சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டுமே சார். இன்னா இப்போ?"



அவர் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதன் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு லென்ஸ். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நம் ஊரில் பெண்ணைப் பார்த்தால் முதலில் கண் போவது கழுத்துக்குத்தானே! டவுன் பஸ்ஸில் ஓர் அம்மா கேட்டே விட்டாள். "இது இன்னாம்மா, புது மாதிரி தாலியா?"

"ஆமாங்க. எனக்கு இதான் ஊட்டுக்காரரு" என்றார் இவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். பஸ் முழுக்க சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்காமல், "நல்லா வச்சிக்கினு இரு தாயி" என்றாள்.

புதுசாக ஒரு செடியைக் கண்டால் போதும், புடவையை வாரிச் செருகிக்கொண்டு குத்த வைத்து உட்கார்ந்துவிடுவார். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, மெல்லிய குரலில் அந்தச் செடியையே கேட்பார். "நீ இன்னா? சொல்லு கண்ணு, நீ இன்னா?" மாணவர்கள் ஹாஸ்டலில் இதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரியும்.

ஒருமுறை கல்லூரியின் தரத்தைச் சோதிக்க வெளியிலிருந்து குழு வருவதாக இருந்தது. வளாகத்து மரங்களுக்கெல்லாம் பேர்ப்பலகை மாட்டும்படி முதல்வர் உத்தரவு போட்டார். வேம்பு, புங்கை, வாகை, பூவரசு எல்லாம் ஒழுங்காக மாட்டப்பட்டன. சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக ஒரு மரம் நின்றது. அது பூத்தோ காய்த்தோ ஒருத்தரும் பார்த்ததில்லை. பூவைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? அதில் தொங்கிய பலகையில் அழகான எழுத்தில் 'இன்னும் தெரியவில்லை' என்று இருந்தது.

முதல்வருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "இன்னா மேடம் இது, காலேஜா, காமெடியா? ஏதாவது ஒரு பேரப் போட்டு வுடுங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

"யாரும் பாக்க மாட்டாங்கன்னா பேரு எதுக்கு சார்?"

முதல்வர் அந்த மரத்தின் மேல் வரவேற்பு பேனரைக் கட்டி மறைத்தார். காலையில் அடித்த காற்றில் பேனர் போன இடம் தெரியவில்லை. பலகை மட்டும் வந்தவர்களை வரவேற்றது. அப்புறம் ஒரு வருஷம் சித்திரையில் அந்த மரம் பூத்துவிட்டது. வாட்ச்மேன் வந்து சொன்னதும் பாதி வகுப்பில் சாக்பீஸோடு ஓடினார். அன்று சாயங்காலத்துக்குள் பலகை மாறியது.

எல்லோருக்கும் இது வேடிக்கை. எனக்கு ஒரு நாள் வேடிக்கையாக இல்லை. திருக்கோவிலூரில் எங்கள் வீட்டில் அண்ணன் மகள், தவழ்கிற குழந்தை, சிவப்பு விதை ஒன்றை விழுங்கிவிட்டாள். கொல்லையில் சேர்த்து வைத்திருந்த ஏதோ விதை. அண்ணி அழுகிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். எங்களுக்குக் குன்றிமணி பயம். அது விஷம் ஆயிற்றே. நான் இவருக்குப் போன் போட்டேன்.

"வெத ஒண்ணு முழுங்கிடுச்சி மேடம். செவப்பா இருக்குது. குன்றிமணியா?"

"கருப்புக் கண்ணு இருக்குதா அதுல?"

"எனக்கு எப்படித் தெரியும்! உள்ள போயிடுச்சி!"

"அப்ப எனக்கும் தெரியாது. மிச்சம் இருக்கிற வெதைங்கள எடுத்து வை. வர்றேன்."

எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ கத்தினேன். ஒரு வார்த்தை, 'பயப்படாதே, குன்றிமணி இல்லை' என்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்? அவர் சொல்லவில்லை. வண்டி ஒன்றைப் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்கே வந்து, மிச்ச விதைகளைக் கையில் கொட்டி, ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்தார். பிறகுதான் டாக்டரிடம் சொன்னார். "இதுல குன்றிமணி ஒண்ணுகூட இல்லீங்க. எல்லாம் மஞ்சாடி. ஆனா முழுங்குனத நான் பாக்கல. நீங்க பாத்துக்குங்க." டாக்டர் பார்த்துக்கொண்டார். மறுநாள் விதை முழுசாக வெளியே வந்தது. ஆபத்தில்லாத மஞ்சாடிதான். அண்ணி அவர் காலைத் தொடப் போக, அவர் விலகி நின்று, "எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். வந்ததிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கவில்லை என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

கல்வராயன் மலைக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போது துணைக்கு ஒரு பெண் ஆசிரியர் வேண்டும். அந்த வேலை எப்போதும் என் தலையில்தான். அப்படிப் போன ஒரு மழைக்காலத்தில், வெள்ளிமலை தாண்டி உள்ளே ஓர் ஓடை, ஓடைக்கு நடுவே சாய்ந்த பாறை, பாறை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னச் செடி. வாசலில் வைப்போமே காசித்தும்பை, காய் முற்றினால் தொட்டவுடன் வெடிக்குமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். விரல் உயரம். வெள்ளைப் பூ, உள்ளே ஊதாத் தீற்றல், பின்னால் கொக்கி மாதிரி ஒரு வால்.

அவர் வழக்கம்போல் குத்த வைத்தார். "நீ இன்னா?" என்றார். வெகு நேரம் கழித்து எழுந்தபோது புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. "இங்கிலீஷு, இது பேசமாட்டேங்குது" என்றார்.

அடுத்தடுத்த மழைக்கும் போனோம். அந்த ஒரு பாறையைத் தவிர வேறெங்கும் அது இல்லை. நாட்டில் உள்ள தாவரச் சேகரிப்புகளில் எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தார். எதிலும் பொருந்தவில்லை. துறையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். புது இனம் மேடம், உடனே அறிவியுங்கள்.

புது இனம் என்றால் சும்மா இல்லை. ஒருவர் ஒரு செடிக்கு முதன்முதலாகப் பெயர் வைத்து முறைப்படி வெளியிட்டால், அந்தச் செடியின் பெயருக்குப் பின்னால் அவர் பெயரும் ஒட்டிக்கொண்டே போகும். எந்த நாட்டில், எந்தப் புத்தகத்தில் எழுதினாலும் போகும். வாழ்க்கை பூரா செடி பார்த்தவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, "கச்சிராயபாளையத்துக்காரி பேரு ஒரு பூவுக்குப் பின்னால போவுதுன்னா நல்லாத்தான் இருக்கும் இல்ல?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனால் ஒரு சந்தேகம் அவரை விடவில்லை. இலங்கைத் தாவரங்களைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றில் நாலே வரி. இது போல் ஒரு செடி, வெள்ளைக்காரர் ஒருவர் நூறு வருஷத்துக்கும் முந்தி ஒரே ஒரு தரம் பறித்தது, அப்புறம் ஒருவர் கண்ணிலும் படவில்லை, அழிந்துவிட்டதாகக் கருதலாம். அந்தக் காய்ந்த செடி ஒட்டிய தாள் ஐரோப்பாவில் ஒரு காப்பகத்தில் இருக்கிறது. "அந்தத் தாளப் பாக்காம நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்.

இந்த நேரம் பார்த்துத் தடுப்பணை வந்தது. ஓடையில் அணை கட்ட ஆணை ஆகிவிட்டது. குறித்த இடம் சரியாக அந்தப் பாறை. பொங்கல் கழிந்ததும் வெடி வைக்கப் போவதாகச் சொன்னார்கள். இவர் பொறியாளரைப் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். பொறியாளர் நல்ல மனிதர். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"மேடம், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா ஃபைல்ல நான் இன்னா எழுதறது? பேரில்லாத ஒரு செடி இருக்குது, அதால அணைய மாத்தறோம்னா? மேல இருக்கறவங்க சிரிப்பாங்க. பேரு குடுங்க. அது வேற எங்கயும் இல்லன்னு எழுதிக் குடுங்க. மாத்தறேன். பொங்கல் வரைக்கும் டைம்."

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "புது இனம்னு எழுதிக் குடுத்துடுங்க மேடம்! செடியும் பொழைக்கும், உங்க பேரும் நிக்கும். தப்புன்னா அப்புறம் பாத்துக்கலாம்."

"தப்பாப் போனா இன்னா ஆவும் தெரியுமா? இன்னொருத்தன் வந்து, அந்த அம்மா சொன்ன பேரே பொய்யுன்னு ஒரு வார்த்த சொல்வான். அப்புறம் இந்தச் செடிக்கு இல்ல, இந்த மலையில எந்தச் செடிக்கும் நாம வாய் தொறக்க முடியாது. மஞ்சாடி கதைய மறந்துட்டியா நீ?"

மலையில் ஊர்க்கூட்டம் போட்டபோது அங்கேயும் போய்ப் பேசினார். கோடையில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொள்கிற பெண்கள் அவர்கள். ஒருத்தி எழுந்து கேட்டாள். "பேரு இருந்தாதான் காப்பாத்துவீங்களாம்மா? எங்களுக்குந்தான் ஆளுக்கு ஒரு பேரு இருக்குது. எங்கள யாரு வந்து கேட்டாங்க?"

 இவர் எழுந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றார். பிறகு சொன்னார். "நீ கேக்கறது நியாயம். அணை வேணான்னு நான் சொல்லலம்மா. அணை வேணும். பாறைக்கு ரொம்பக் கீழ, திருப்பத்துல கட்டுனா தண்ணியும் நிக்கும், பாறையும் நிக்கும். நீ தண்ணிக்குக் கேளு. நான் இதுக்குக் கேக்கறேன். ரெண்டு பேரும் சேந்து கேப்போம்." அந்தப் பெண் யோசித்துவிட்டு, "திருப்பத்துல கட்டுனா எங்களுக்கு இன்னும் கிட்ட" என்றாள். அன்றிலிருந்து அவள் எங்கள் கட்சி.

ஐரோப்பாவுக்கு மின்னஞ்சல் எழுதுவது என் வேலை ஆனது. எழுதினேன் என்பதைவிட அடித்துக்கொண்டோம் என்பது சரி. நான் 'இது' என்று எழுதினால் அவர் 'இதுவாக இருக்கலாம்' என்று மாற்றச் சொல்வார். நான் 'உறுதியாக' என்று போட்டால் விரலால் அந்த வார்த்தையைத் திரையிலேயே தேய்ப்பார். ஒரு கட்டத்தில் நான் கத்தினேன். "நம்ம செடிக்குப் பேரு கேக்க நாம ஏன் மேடம் அவங்ககிட்டப் பிச்ச எடுக்கணும்? அவங்க தாத்தன் நம்ம மலையில பறிச்சிக்கினு போனதுதானே எல்லாம்!"

"கோவிச்சிக்கினா பேரு வந்துடுமா? செடி இங்க இருக்குது. பேரு அங்க இருக்குது. அத வருசக்கணக்காத் தேடுன ஒருத்தரு இலங்கையில இருக்காங்க. மூணும் ஒரு எடத்துல சேரணும். ஒக்காரு, டைப் அடி."

ஒரு இலையைக்கூட அவர் வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது என்பது சட்டம், அனுமதி வாங்குவதற்குள் பொங்கல் போய்விடும். அந்தத் தாளும் அங்கிருந்து நகராது. கடைசியில் அந்தக் காப்பகப் பொறுப்பாளர், ஒரு பெண்மணி, மேலிடத்தில் அனுமதி வாங்கி, பழைய தாளிலிருந்து ஒரே ஒரு பூவை எடுத்து வெந்நீரில் ஊற வைத்து விரித்துக் காட்ட ஒத்துக்கொண்டார். அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, எங்களுக்கும் இல்லை. அதனால் ஒருவர் தப்பு ஒருவருக்குத் தெரியாமல் சுமுகமாகப் போயிற்று.

வீடியோவில் பார்ப்பதாக ஏற்பாடு. அங்கே காப்பகப் பெண்மணி, இலங்கையிலிருந்து இன்னொருவர், இங்கே நாங்கள். இலங்கைக்காரர் யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டிப் பக்கம் ஆராய்ச்சி செய்தவர், எங்களைவிட மூத்தவர், அழிந்துபோனதாக எழுதப்பட்ட அந்தச் செடியை உத்தியோக காலம் முழுக்க இலங்கை மலைகளில் தேடியவர். இவர் அவரை முதல் நாளே அக்கா ஆக்கிவிட்டார். சரியாகப் பூவை விரிக்கிற நேரத்தில் கள்ளக்குறிச்சியில் கரண்ட் போய்விட்டது. என் போனில் நெட் போட்டு, அதை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, இவர் அன்று காலை பாறையிலிருந்து கொண்டுவந்த பூவைக் கத்தியால் பிரித்துப் பக்கத்தில் வைத்தார்.

அங்கே பழுப்பேறிய ஒரு வால். இங்கே வெள்ளை வால். ஒரே வளைவு. இதழில் அதே இரண்டு மேடு.

 இவர்தான் முதலில் சொன்னார். "அதான் இது. புதுசு இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன. அவர் பெயர் பூவுக்குப் பின்னால் போகிற கதை அந்த நிமிஷத்தோடு முடிந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் எப்போதோ வைத்த பெயர்தான் இனி அதற்கு. இவரைப் பார்த்தேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அதிக நேரம் துடைத்தார்.

அதைவிடப் பெரிய தலைவலி பின்னால் இருந்தது. இது இலங்கைச் செடி என்று ஆகிவிட்டால் பொறியாளருக்கு என்ன பதில்? அங்கே ஏதோ ஒரு மலையில் இன்னும் இருக்கலாமே, இங்கே ஒரு பாறை போனால் போகட்டும் என்பார்கள். பொங்கலுக்குச் சில வாரமே இருந்தது.

"அக்கா, அது உங்க ஊர்ச் செடின்னு யாரு சொன்னாங்க?" என்று இவர் கேட்டார்.

"எல்லாப் புத்தகத்திலயும் இருக்குதே தங்கச்சி."

"புத்தகம் எதப் பாத்து எழுதுச்சி?"

தாளின் மூலையில் இருந்த பழைய சீட்டைப் பெரிதாகப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டோம். வந்தது. ஊர் எழுதிய வரியைப் பூச்சி தின்றிருந்தது. பக்கத்தில் பென்சிலில், வேறு கையெழுத்தில், 'சிலோன்?' என்று இருந்தது. அந்த வெள்ளைக்காரர் அதே வருஷம் இலங்கைக்கும் போயிருக்கிறார். அதை வைத்துப் பின்னால் வந்த யாரோ ஊகமாக எழுதியது. புத்தகத்துக்குப் புத்தகம் போகையில் சிலோன் நின்றுவிட்டது, கேள்விக்குறி உதிர்ந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "கேள்விக்குறிய எவன் தின்னான்? பூச்சி ஒரு வரியத்தான் தின்னுச்சி. மனுசன் இல்ல மிச்சத்தத் தின்னுட்டான்!"

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. பொடி எழுத்து. பழைய ஆங்கிலக் கையெழுத்து என்பதால் என்னைப் படிக்கச் சொன்னார். உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பெயர் என்று போட்டு, அதற்கு எதிரே ஒரே ஒரு சொல்.

"இன்னா" என்று படித்தேன்.

"இன்னா?" என்றார்.

"இன்னா."

"அதான் கேக்கறேன், இன்னா போட்டுருக்குது?"

"இன்னான்னுதான் மேடம் போட்டுருக்குது! உள்ளூர்ப் பேரு: இன்னா!"

ஒரு விநாடி இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தார். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நடந்தது இருவருக்கும் புரிந்துவிட்டது. அந்தத் துரை செடியைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட வந்த சுமைகூலி ஆளிடம் தன் பாஷையில் இதன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். நம்ம ஆளுக்கு ஒரு எழவும் புரியவில்லை. "இன்னா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். துரை பவ்யமாக எழுதிக்கொண்டார்.

அன்றே இலங்கைக்குப் போன் போட்டோம். அக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்கட ஊரில இன்னா எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல தங்கச்சி. யாழ்ப்பாணத்திலயும் இல்ல, மலைநாட்டிலயும் இல்ல. நாங்கள் என்ன எண்டுதான் கேப்பம். இவ்வளவு வருசமும் நான் அது இல்லாத மலையில தேடியிருக்கிறன்."

"அக்கா, வருத்தப்படாதீங்க."

"வருத்தமா? அது உயிரோட இருக்குது எண்டு சொல்லுறீர். எனக்கு இனி என்ன வேணும்?"

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். இவர் விடவில்லை. "சிரிப்பு ஆதாரம் ஆவாது இங்கிலீஷு. இன்னான்னு சொல்ற ஆளு இந்தப் பக்கத்து ஆளுன்னுதான் தெரியுது. எந்த மலைன்னு தெரியலியே." துரை பறித்த செடிகளுக்கெல்லாம் வரிசையாக எண் போட்டிருந்தார். இதற்கு முந்தின எண்ணும் பிந்தின எண்ணும் எங்கே இருக்கின்றன என்று தேடச் சொல்லி எழுதவைத்தார். காப்பகப் பெண்மணி தேடினார். அங்கே இல்லை. அவர் வேறொரு நாட்டுக் காப்பகத்தில் இருந்த சிநேகிதரைக் கேட்டார். அவர் அலமாரி அலமாரியாகத் தேடி, அடுத்த எண் உள்ள தாளைக் கண்டுபிடித்துப் படம் அனுப்பினார். பூச்சி தின்னாத சீட்டு. அதே நாள். ஊர் என்ற இடத்தில் எழுத்துக்கூட்டல் கோணல்மாணலாக இருந்தது. நான் வாய்விட்டுப் படித்தேன். கல்-ரா-யன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். "இப்ப எழுது. இருக்கலாம் கிருக்கலாம் எல்லாம் வேணாம். ஆமான்னு எழுது" என்றார்.

நான் அவரோடு இருந்த காலத்தில் அவர் 'இருக்கலாம்' என்ற சொல்லை எடுக்கச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பொங்கலுக்கு முன்னால் அந்தக் கடிதத்தைப் பொறியாளர் மேஜையில் வைத்தோம். மூன்று நாட்டிலிருந்தும் கையெழுத்து. செடியின் பெயர் இது, உலகத்தில் இந்த ஒரு பாறையைத் தவிர வேறெங்கும் பார்த்ததாகச் சான்று இல்லை. கூடவே மலைப் பெண்கள் கொடுத்த மனுவும் இருந்தது, அணையைத் திருப்பத்தில் கட்டித் தரும்படி. பொறியாளர் இரண்டையும் படித்துவிட்டு, "இப்ப எனக்கு எழுத இடம் கெடச்சிடுச்சி மேடம்" என்றார். அணை கீழே போனது. சும்மா போய்விடவில்லை. மறுபடி அளவெடுக்க, மேலே ஒப்புதல் வாங்க என்று இவர் அந்த ஆபீஸ் படியை ஏறி இறங்கியதில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது.

செய்தி கட்டுரையாக வந்தபோது முதலில் இலங்கை அக்காவின் பெயரைப் போடச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. "கண்டுபிடிச்சது நீங்க!"

"தேடுனது அவங்க. நான் தடுக்கி வுழுந்தேன்" என்றார்.

ஓய்வு பெற்றுக் கச்சிராயபாளையம் போனவர், அடுத்த மழைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நெஞ்சு வலி என்றார்கள். அக்காவுக்கு நான்தான் போனில் சொன்னேன். இருவரும் அழுதோம். அவர் கழுத்து லென்ஸை அவர் தம்பி என்னிடம் கொடுத்தார். நான் ஆங்கிலம் நடத்துகிறவள், அதை வைத்து என்ன செய்வேன்? கழுத்தில்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் தாலியா என்று கேட்கிறார்கள்.

அவர் ஓய்வுபெறும் முன்னே வனத்துறையிலிருந்து பாறைக்கு எதிரே பலகை வைக்க வந்து, "தாவரப் பேரு எழுதியாச்சு மேடம், தமிழ்ப் பேரு இன்னான்னு போடறது?" என்று கேட்டார்கள்.

"இன்னான்னு போடுங்க" என்றார்.

"அதான் கேக்கறோம் மேடம்."

"அதான் சொல்றேன்."

போன ஐப்பசியில் மாணவர்களோடு போனேன். கீழே திருப்பத்தில் அணை நிறையத் தண்ணீர். மேலே பாறை நிறைய வெள்ளைப் பூ. பலகை இருந்தது, அவர் சொன்ன பெயரோடு. அவர் பெயர் அதில் எங்கும் இல்லை. மனசு ஆறவேயில்லை எனக்கு. முதல் வருஷத்துப் பெண் ஒருத்தி, உளுந்தூர்பேட்டைப் பக்கத்துப் பெண், பலகையைப் பார்க்காமல் நேரே பாறைக்கு ஓடிப் பூவின் எதிரே குத்த வைத்து உட்கார்ந்தாள். திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"மேடம், இது இன்னா?"



"ஆமா" என்றேன்.